மான் இறைச்சிக்குள் இருந்த சன்னம்

மூத்த மகனுக்கு வேலை போய் மூன்று மாதம். இன்று இங்கே மொன்றியலில் இலவசமாகச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் இடத்தில், வேட்டைக்காரர் ஒருவர் கொடுத்ததென்று மான் இறைச்சி தந்தார்கள்.

மனைவி வெட்டும்போது கத்தியில் ஏதோ தட்டியது. துப்பாக்கியால் சுட்ட சின்னச் சன்னம். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இதைக் கொண்டுபோய்க் கொட்டுங்கோ. எங்கட சின்னவன்ர முதுகில இருந்து எடுத்ததும் இதுதானே."

ஓம், ஏழு சன்னம். சண்டைக் காலத்தில், ஊர் ஆசுபத்திரியில் எண்ணிக்கொண்டு நின்றவன் நான்தான். அவன் பிழைக்கவில்லை.

"வீட்டில வேற என்னப்பா இருக்கு? பேரப்பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வரப்போகுதுகள்" என்றேன்.

"அப்ப நீங்களே சமையுங்கோ."

வேறு சன்னம் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்து, நானே சமைத்தேன். பிள்ளைகள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அவள் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்கும் இறங்கவில்லை.

மொன்றியலில் வேட்டைக்காரரைத் தெரிந்தவர்கள் இருந்தால், அடுத்த முறை மீன் பிடித்துத் தரச் சொல்லுங்கள்.