மனைவி புலம்பலுக்குள் வந்த ஒளியோடம்

என்ர மனுசன் அருளம்பலம் செத்தவைக்குக் கவி எழுதுறவர். பகலில செயின்ட்-மிஷேலில ஒரு தையல் தொழிற்சாலையில துணி வெட்டுவார். ஆனா மொன்றியலில எங்கட ஆக்கள் ஆரும் மோசம் போனா, முதல் ஐயருக்கு, ரெண்டாவது எங்கட வீட்டுக்குத்தான் ரெலிபோன் வரும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில, செத்தவற்ற நினைவா வாசிச்சுக் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் முழுக்க இவற்ற கைவேலை. திதி வெண்பா, மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், எல்லாத்துக்கும் மேல, மனுசி தானே சொல்லி அழுற மாதிரி மனைவி புலம்பல். கட்டின காலம் முழுக்கச் சண்டை பிடிச்ச மனுசியையும் இவர் நாலு வரியில உருகி அழ வைச்சுப் போடுவார். தொழிற்சாலையில இவரை "ஏய்" எண்டுதான் கூப்பிடுவினம். அந்தியேட்டி மண்டபத்தில மட்டும் "கவிஞர் வாங்கோ" எண்டு முன்வரிசையில இருத்துவினம். இந்த நாட்டில இவருக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

2003 குளிரில சனி பிடிச்சுது. வில்லரே நூலகத்தில சூடு நல்லா இருக்கெண்டு போய்க் குந்தினவர், பிரெஞ்சில ஒரு மொத்தப் புத்தகத்தைக் காவிக்கொண்டு வந்தார். எகிப்தில பிரமிட்டுக்குள்ள, ராசாவின்ர பிணப்பெட்டி வைச்ச அறைச் சுவரில, நாலாயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முன்னம் வெட்டின மந்திரங்களாம். அகராதியை மடியில வைச்சுக்கொண்டு வரிவரியாப் படிச்சார்.

"சிவநேசம், இஞ்ச பார். செத்த ராசா ஏணியில வானத்துக்கு ஏறுறான். பேந்து சூரியன்ர ஓடத்தில போறான். அழியாத நட்சத்திரங்களோட சேருறான். இது பறக்கிற கப்பல் இல்லாமல் வேற என்ன?"

"ஏணி எண்டு எழுதியிருந்தா அது ஏணிதானப்பா."

"ஏணியை மேல இருந்து இறக்கினது ஆர்?"

நான் கறிக்கு உப்புப் போடுறதோ, இவருக்குப் பதில் சொல்லுறதோ?

அதோட விட்டாரோ? "அவங்களும் என்ர வேலைதான் செய்திருக்கிறாங்கள். செத்தவன் நல்ல இடத்துக்குப் போனான் எண்டு அடிச்சுச் சொல்லுறது" எண்டார். உண்மையைச் சொன்னா, அது எனக்குப் பிடிச்சுது. வெளியில காட்டேல்லை. காட்டினா மனுசனைப் பிடிக்கேலாது.

இந்தக் கதையை முழுசாக் கேக்க ஒரேயொரு சீவன் இருந்தது. வில்லரேயில தெப்பனர் எண்ட மூலைக்கடை வைச்சிருந்த பூபாலசிங்கத்தார். அவருக்குக் காரணம் இருந்தது. ரெண்டு கோடைக்கு முன்னம், இல்-பிசாரில இருந்து லவாலுக்கு ஓடுற, கார் ஏத்துற படகில மனுசியோட போகேக்க, பொழுதுபடுற நேரம் ஆத்துக்கு மேல ஒரு வெளிச்சம் சத்தமில்லாமல் நிண்டு, பேந்து விர்ரெண்டு போனதைக் கண்டவராம். கடைக்குப் பால் வாங்க வந்த எல்லாருக்கும் சொன்னார். சனம் விடுமே? பறக்கும் தட்டாக்கும் எண்டு நக்கலடிச்சு, "தட்டுப் பூபாலு" எண்டு பேர் வைச்சுச் சிரிச்சுது. மனுசி புஷ்பவதி அக்காவைக் கேட்டா, "நான் காணேல்லை, கைப்பைக்குள்ள கண்ணாடி தேடிக்கொண்டிருந்தனான்" எண்டுவா. அந்தாளின்ர முகம் சுண்டிப் போகும்.

2004 ஐப்பசியில பூபாலசிங்கத்தார் நெஞ்சு நோகுதெண்டு கடையில இருந்தவர், எழும்பேல்லை. கல்வெட்டு இவர்தான் எழுதோணும். செத்தவற்ற தமையன் மகேந்திரராசா, எங்கட ஆக்களின்ர சங்கத்துக்குத் தலைவர், நேர வீட்டுக்கு வந்திட்டார்.

"அருளம்பலம், அந்த வெளிச்சக் கதை ஒரு எழுத்தும் வரக்கூடாது. தம்பி இருக்கேக்க எங்கட மானம் போனது காணும். வந்துதோ, இனி ஒரு செத்தவீட்டுக்கும் உம்மை எழுத விடமாட்டன்."

"ஓம் அண்ணை" எண்டு தலையாட்டினார். எழுதிக் குடுத்தார். மகேந்திரராசா ரெண்டு தரம் வாசிச்சுக் கையெழுத்து வைச்சார். நானும் வாசிச்சன். பூபாலசிங்கத்தார் சிவபதம் அடைஞ்சிருந்தார், வாகனம் ஒண்டுமில்லை. இவர் இவ்வளவு லேசில அடங்கேக்கயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும்.

முப்பத்தோராம் நாள், மண்டபத்தில சாப்பாட்டுக்கு முன்னம் எழும்பி வாசிச்சார். திதி வெண்பா போச்சு. மக்கள் புலம்பலுக்குச் சனம் மூக்கைச் சிந்திச்சுது. மனைவி புலம்பலுக்கு வந்தார்.

"ஆற்றின்மேல் நின்றதோர் ஒளியோடம் கண்டீரே
ஏற்றியதோ உம்மையின்று விண்மீன்கள் நடுவிலே
காட்டியும் காணாத கண்ணுடையாள் ஆனேனே
வீட்டிலே தனியாக விட்டேகிப் போனீரே"

அச்சடிக்கிற அண்டைக்குத் தானே போய் நாலு வரியை மாத்திப் போட்டு வந்திருக்கிறார், படுபாவி! பின்னுக்கு ஆரோ "தட்டு" எண்டார். சிரிப்பு வரிசை வரிசையா முன்னுக்கு வந்துது. ஐயரே புத்தகத்தால முகத்தை மறைச்சார். மகேந்திரராசா பாஞ்சு வந்து இவற்ற கையில இருந்ததைப் பறிச்சார்.

"இண்டையோட உம்மட எழுத்து முடிஞ்சுது!"

"அண்ணை, அந்த மனுசன் மூண்டு வருசமாக் கதைச்சது அந்த வெளிச்சத்தைத்தான்" எண்டார் இவர். "அதை விட்டிட்டு எழுதினா, அது வேற ஆரோ ஒருத்தற்ற கல்வெட்டு."

எனக்குக் கோவம் ஒரு பக்கம், அத்தனை பேருக்கு முன்னால இவர் தனிய நிக்கிறதைப் பாக்க ஏலாமை ஒரு பக்கம்.

அப்பதான் புஷ்பவதி அக்கா எழும்பினா. மெல்ல நடந்து வந்து மகேந்திரராசாவிட்ட இருந்து புத்தகத்தை வாங்கி, இவருக்கு முன்னால விரிச்சுப் பிடிச்சா.

"தம்பி, என்ர புலம்பலில ஒரு பிழை இருக்கு."

"சொல்லுங்கோ அக்கா."

"மூண்டாம் வரி. காணாத கண் எண்டு எழுதியிருக்கிறியள். நானும் கண்டனான்."

அக்கா அந்த வரியில விரலை வைச்சா.

"அவர் கையைப் பிடிச்சுக் காட்ட, வடிவாக் கண்டனான். சனம் சிரிக்கத் தொடங்கினவுடன, என்னையும் விசரி எண்டுவினம் எண்ட பயத்தில இல்லையெண்டிட்டன். கடையைப் பூட்டிப்போட்டு வந்து கேப்பார், 'உண்மையாக் காணேல்லையோ, புஷ்பம்?' எண்டு. கடைசி மட்டும் நான் சொல்லேல்லை. அந்த வரியை வெட்டுங்கோ."

மகேந்திரராசா தன்ர பேனையை எடுத்து இவரிட்ட நீட்டினார்.

இவருக்குக் கண் கலங்கியிருந்தது. அப்பிடியும் வாய் சும்மா இருந்துதோ? "அக்கா, அது ஓடம் மாதிரி நீட்டுத்தானே?" எண்டார்.

"இல்லைத் தம்பி, வட்டம்."

இவர் முதலாம் வரியையும் சேர்த்து வெட்டி, ஓடத்தை வட்டமாக்கி, காணாத கண்ணைக் கண்ட கண்ணாக்கினார்.

"இப்ப சத்தமா வாசியுங்கோ" எண்டா அக்கா. "அவருக்குக் கேக்கோணும்."