மோட்டாருக்கு ஒரு நாள் ஓய்வு

மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அதற்கு நான் தேடிக்கொண்ட மருந்துதான் கூடத்தில் நிற்கும் நாலடி கடல்நீர்த் தொட்டி. உள்ளே கல்பவளங்கள். கடலில் பெயர்த்தவை அல்ல. வெளிநாட்டில் தொட்டியிலேயே வளர்த்து, முறையான காகிதங்களோடு சென்னைக் கடைக்கு வந்தவை. பார்க்கக் கல், ஆனால் உயிர். கைக்குழந்தையைவிடப் பிடிவாதமான உயிர்.

தண்ணீர் இருபத்தாறு டிகிரியைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊர் வெயிலில் அதற்கு ஒரு குளிரூட்டும் மெஷினும் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரும் ராப்பகலாக ஓட வேண்டும். ஆவியாகும் அளவுக்கு தினமும் சுத்தத் தண்ணீர் விட வேண்டும். பல் துலக்கும் முன்பே சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்து, சுண்ணாம்புச் சத்து குறைந்திருந்தால் கலக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஓரம் வெளுக்கும். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டேன். மூன்று வருடம் வேங்கிக்கால் வீட்டை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கவில்லை. ஜனங்கள் எங்கெங்கிருந்தோ விடுதலை தேடி கிரிவலம் வந்து எங்கள் ஊர் மலையைச் சுற்றினார்கள்; நான் தொட்டியைச் சுற்றினேன்.

"கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு. எங்க வீட்ல ஒரு ராத்திரி தங்கியிருக்கியாம்மா நீ?" என்று மகள் போனில் அழுதாள். அதனால்தான் போன வருடம் ஆயுத பூஜையன்று காலையில் பஸ் ஏறினேன். தொட்டிக்கு என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன். என் கணவர் போர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். "நான் பாத்துக்கறேன், நிம்மதியா போய்ட்டு வா" என்றார்.

ஓசூரில் மறுநாள் எட்டு மணி வரை தூங்கினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. மகள் தோசை வார்த்துப் போட்டாள், நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். தீபாவளிக்கு வந்து பத்து நாள் இருக்கச் சொன்னாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்றம் அடித்தது. தண்ணீர் ஓடும் சத்தம் இல்லை. தொட்டிக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. குளிரூட்டும் மெஷினுக்கு சாமந்திச் சரம்.

"பூஜையில வெச்சத மறுபூஜை பண்ணாம ஓட்டக் கூடாதே. கடையில அப்டித்தான். மிக்ஸி, கிரைண்டர் எல்லாத்தையும் நிறுத்தினேன். இந்தத் தொட்டி மோட்டாரும் மூணு வருஷமா ஓயாம ஓடுது, பாவம். வீட்டு மறுபூஜைய நீ வந்து பண்ணுவன்னு விட்டுட்டேன்" என்றார். வீட்டுப் பூஜை எப்போதும் என் வேலை. தொட்டிக்கு மட்டும் நான் பொட்டோடு நிறுத்திக்கொள்வேன், மோட்டாரை அணைக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. என் இரண்டு பக்கத்திலும் 'அணைக்காதீர்கள்' என்று ஒரு வரி இல்லை. அதைப் போய் யார் எழுதுவார்கள்?

பவளங்களின் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அழுதேன். ஆனால் அழுகை வருவதற்கு முன்பு வேறொன்று வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. நாளைக் காலை குப்பியைத் தொட வேண்டாம். தீபாவளிக்குப் பத்து நாள் என்ன, ஒரு மாதமே இருக்கலாம். நெஞ்சு லேசாகிவிட்டது.

நான் அழுவதை அவரால் தாங்க முடியவில்லை. வெளியே போய் யாரிடமோ போன் பேசிவிட்டு வந்தார்.

"சென்னை கடையில பேசிட்டேன். அதே ஜாதி, இன்னும் ரெண்டு ஜாஸ்தியாவே சொல்லியிருக்கேன். தீபாவளிக்கு முன்னாடி வந்துடும். அழாத."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகம் குற்றம் செய்த முகமாக, என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

"சரிங்க" என்றேன்.

பிறகு மகளைக் கூப்பிட்டு, தீபாவளிக்கு நீங்களே இங்க வந்துடுங்கம்மா என்று சொன்னேன்.