கவிஞர் அம்மாவுக்கு ஊற்றிய தேநீர்

எட்டு வயதில் நான் பட்ட பெருமைக்கு அளவே இல்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நகரத்துக்கு வந்திருந்த உஸ்பெக் கவிஞர் ஒருவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்! என் வகுப்பில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அவர் பருத்திக்காட்டில் பிறந்தவர். போரில் தந்தையைப் பறிகொடுத்தவர். பருத்தி எடுத்துத் தன்னை வளர்த்த தாயைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கவிதையை, ஜெர்மன் வழியாக அப்பா தமிழாக்கி வைத்திருந்தார். மறுநாள் பல்கலைக்கழக விழாவில் அதை வாசிக்க வேண்டும். அதற்கு முன் கவிஞர் ஒருமுறை கேட்டுத் தலையசைத்துவிட வேண்டும். அப்பாவின் ஆசையெல்லாம் அதுதான். அவருக்குத்தான் தமிழ் தெரியாதே என்று கேட்டேன். "ஓசை தெரியுமில்ல?" என்று அதட்டினார்.

பூவேலை செய்த தொப்பியோடு கவிஞர் வந்தார். மொழிபெயர்க்க, ரஷ்ய மொழி படிக்கும் ஜெர்மன் மாணவி ஒருத்தியும் கூட வந்தாள். அம்மாவின் தக்காளி சாதத்தைக் கவிஞர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாள்களைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து அம்மா தேநீர் கொண்டுவந்தார். கோவில்பட்டிக் கை அது, யாருக்கும் குறைத்து ஊற்றித் தெரியாது. கவிஞரின் கிண்ணத்தில் தளும்பத் தளும்ப ஊற்றினார்.

கவிஞர் கிண்ணத்தைப் பார்த்தார். மடமடவென்று குடித்தார். நெஞ்சில் கைவைத்துக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு, எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

"என்னங்க, காரம் ஜாஸ்தியாயிருச்சா?" என்ற அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா கதவை மறித்து நின்றுகொண்டு, உரக்க வாசிக்கத் தொடங்கிவிட்டார். விருந்தாளியை இப்படிச் சிறைபிடித்துக் கவிதை சொன்ன ஒரே ஆள் அப்பாவாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு பத்தியும் 'அம்மா' என்று முடியும். கவிஞர் வந்ததிலிருந்து நான் நூறு தடவை கூப்பிட்ட சொல், அவருக்கு அது புரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை அது வரும்போதும் தன் மொழியில் முணுமுணுத்தார். பிறகு கோட்டோடே உட்கார்ந்துவிட்டார். அப்பா முடித்தபோது கவிஞரின் கண் கலங்கியிருந்தது. தலையை அசைத்து, அசைத்து, நிறுத்தவேயில்லை. அப்பா பூரித்துப்போய், என் மனைவியும் சின்ன வயதில் பருத்தி எடுத்தவள்தான் என்று மாணவி மூலம் சொன்னார்.

கவிஞர் அம்மாவின் விரல்களைப் பார்த்தார். எழுந்தார். தேநீர்க் குடுவையைத் தானே எடுத்து, எல்லோருக்கும் முன்னால் அம்மாவின் கிண்ணத்தில் ஊற்றினார். இரண்டு மடக்குதான் இருக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில், எங்கள் தேநீரை, எங்கள் அம்மாவுக்கே அளந்து ஊற்றுகிறாரே! "அம்மாவுக்குக் கொஞ்சூண்டுதானா?" என்று குடுவையைப் பிடுங்கி, கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினேன். கவிஞர் தொப்பி நழுவச் சிரித்து என் தலையைத் தடவினார்.

மறுநாள் அப்பா வாசிக்க, அரங்கமே கைதட்டியது. எனக்கோ முந்தைய நாள் என் வீரம்தான் பெரிதாக இருந்தது.

பின்னாளில் பெர்லினில் படிக்கும்போது உஸ்பெக் தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரியும். அவர்கள் ஊரில் கிண்ணத்தை நிரப்பினால், கிளம்பலாம் என்று பொருள். கொஞ்சமாக ஊற்றினால், இருங்கள், உங்களுக்கு மறுபடி மறுபடி ஊற்றும் பாக்கியம் எனக்கு வேண்டும் என்று பொருள். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் மேலே கவிஞர் அம்மாவை உட்காரவைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.