லேகிய மூடியில் என் கையெழுத்து

இன்று செவ்வாய், காலை பத்தே கால். என் கையெழுத்து ஒட்டிய ஆண்மை லேகிய டப்பாவோடு வந்த மூன்றாவது ஆள், குரங்கணி மலைக்கு ஜீப் ஓட்டும் அண்ணன்.

போடியில் ஏலக்காய் சோதிக்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். காயில் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. ஆண்மை என் பிரிவில் வராது.

"தம்பி, நீ பாஸ் போட்டிருக்கேன்னுதான் நம்பித் தின்னேன். இன்னைக்கு வளைவுல கண்ணு இருட்டிருச்சு. ஜீப்பு நெறையா ஆளுக."

இவர் ஏற்கெனவே நெஞ்சுவலிக்கு மாத்திரை போடுபவர்.

லேகியம் விற்ற கடைக்குப் போனேன். லேகியத்தில் சேர்த்த ஏலக்காய்க்கு நான் கொடுத்த சான்றை நகலெடுத்து மூடியில் ஒட்டியிருக்கிறார் கடைக்காரர்.

"லேகியத்தை யாருண்ணே சோதிச்சது?"

"ஏலக்கா உள்ளதான கெடக்கு, அப்பு? அது பாஸுன்னா எல்லாம் பாஸுதான். மூலிகை என்ன செஞ்சிரும்?"

இனி செய்யப்போவது:

1. அண்ணனை இப்போதே இதய மருத்துவரிடம் கூட்டிப்போவேன்.

2. டப்பாவை மருந்து ஆய்வாளரிடம் கொடுப்பேன். ஆண்மைக்கான இங்கிலீஷ் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பதாகச் சந்தேகம். அது நெஞ்சுவலி மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும்.

3. வாங்கித் தின்ற மற்றவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். வெட்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

4. நாளை முதல் ஒவ்வொரு சான்றிலும் எழுதுவேன்: "ஏலக்காய்க்கு மட்டும். ஆண்மைக்கு அல்ல."