முதலாளி அனுப்பாத மெயில்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரித்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் ஞானபாக்கியம் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆர்டர் மெயில்களைப் படித்துப் பதில் எழுதுவது அவள் பொறுப்பு.

சென்ற ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதலாளி வைகுண்டராஜ் பெயரில் ஒரு மெயில் வந்தது. "ஞானம், வத்திராயிருப்பு தோப்புல நிக்கேன். டவர் கிடைக்கல. நம்ம மெயில் பாக்ஸ் நிறைஞ்சு போச்சாம். கீழ உள்ள லிங்க்ல போய்ச் சரி பண்ணிரும்மா."

அவர் தோப்புக்குப் போயிருந்தது நிஜம். அவளை 'ஞானம்' என்று கூப்பிடுகிறவரும் அவர்தான். லிங்க்கைத் தொட்டு பாஸ்வேர்டைப் போட்டாள். தப்பு என்றது. மறுபடி போட்டாள். பக்கம் வெள்ளையாகிப் போனது.

அனுப்பியவரின் முகவரியை அப்போதுதான் உற்றுப் பார்த்தாள். கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. முதலாளிக்குப் போன் போட்டாள், கிடைக்கவில்லை.

அந்த மெயிலை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மவுஸ் மேல் கை போனது. பிறகு கையை எடுத்துக்கொண்டு, கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சதீஷைக் கூப்பிட்டாள். அவர் கிருஷ்ணன்கோவிலில் இருந்தார்.

"அக்கா, மொதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க. நான் இந்தா வாரேன்."

வந்து பார்த்தவர் முகம் சுருங்கியது. "ஒங்களுக்கு வர்ற மெயில் அம்புட்டும் வெளிய ஒருத்தனுக்குப் போற மாதிரி செட் பண்ணி வச்சிருக்கான்." அதை நீக்கினார். அதற்குள் அவள் பெயரில் அறுபத்திரண்டு பேருக்கு மெயில் போயிருந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி; அடியில் மட்டும் அதே லிங்க். நாகர்கோவில் ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பருக்குப் போனது அவருடைய முழங்கால் ஆபரேஷன் பற்றி விசாரித்திருந்தது. போன மாதம் அவள் விசாரித்த அதே முழங்கால்.

"இது மனுசன் உக்காந்து எழுதுனது இல்லக்கா. பழைய மெயிலையெல்லாம் ஏஐ படிச்சு ஒங்கள மாதிரியே எழுதுது. முதலாளி மெயில் போட்ட யாரோ ஒருத்தரு முன்னாடியே இப்படி மாட்டியிருப்பாரு; தோப்பு வெவரமும் அங்கருந்துதான் போயிருக்கும்."

ஞானபாக்கியம் சாப்பிடப் போகவில்லை. ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். "என் பேர்ல வந்த மெயிலத் தொடாதீங்க சார். தப்பு என்னோடதுதான்." மூன்று பேர் ஏற்கெனவே லிங்க்கைத் தொட்டிருந்தார்கள். அவர்களிடம் சதீஷ் பேசி பாஸ்வேர்டை மாற்றவைத்தார். ஸ்டோர்கீப்பர் மட்டும், "அப்ப என் காலைப் பத்திக் கேட்டது நீங்க இல்லையாம்மா?" என்றார்.

சாயங்காலம் வைகுண்டராஜ் வந்தார். நடந்ததை நின்றபடியே சொன்னாள். அவர் அந்த மெயிலை இரண்டு முறை படித்தார்.

"நான் எழுதுன மாதிரியேல்லா இருக்கு, ஞானம்!" என்றாரே தவிர, திட்டவில்லை.

மெயிலைத் திறக்க போனில் வரும் நம்பரையும் போட வேண்டும் என்று சதீஷ் மாற்றிவைத்தார். மெயிலில் எது கேட்டு வந்தாலும் அனுப்பியவருக்கே போன் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்றும் ஏற்பாடானது. இதுவரை பெரிய சேதம் எதுவும் தெரியவரவில்லை.

அடுத்த வாரம் முதலாளியிடமிருந்து ஒரு மெயில், ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த விலைப்பட்டியலைக் கேட்டு. ஞானபாக்கியம் போன் போட்டாள்.

"நாந்தாம்மா அனுப்புனேன்," என்றது அவர் குரல்.

அவள் போனை வைத்தாள். அவரைப் போலவே எழுதத் தெரிந்தது, அவர் குரலில் பேசாதா என்று தோன்றியது. பிறகு எழுந்து போய், அவர் அறைக் கதவைத் திறந்து பார்த்தாள்.