பெயர் சொல்லாமல் இறங்கியவள்

1991 நவம்பர் 10, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸ் தேவாலய மண்டபத்தில் மாதிரி ரயில் கண்காட்சி நடக்கிறது. யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், அமெரிக்க ரயில் நகரம் ஒன்றை அட்டையில் கட்டியிருக்கிறார். நிலைய மேடையில் பொம்மையாக ஒரு பெண் மட்டும் நிற்கிறாள். அவளுடைய கோட்டும் என்னுடையதைப் போலச் சாம்பல் நிறம். முகம் வரையப்படவில்லை.

"இவ ஆர், அண்ணை?"

"அங்கை இறங்கிற எல்லாற்றை பேரையும் நகரசபை பதியுமாம், தங்கச்சி. இவ மட்டும் சொல்லேல்லை. பிறகு ஒருத்தரும் இவவைக் காணேல்லையெண்டு அவையின்ரை பழைய அறிக்கையிலை கிடக்கு."

"முகம்?"

"பேரே தெரியாத ஆளுக்கு எந்த முகத்தை வைக்கிறது?" என்று சிரிக்கிறார்.

பொம்மை ரயில் நிற்காமல் அவளைக் கடக்கிறது. வேறொருத்தியின் கடவுச்சீட்டில் லண்டன் வந்தவள் நான். நாளை குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் என் அகதி விசாரணை.

மறுநாள் காலை, அதிகாரி கேட்கும் முன்பே என் சொந்தப் பெயரைச் சொல்கிறேன்.