பக்கத்துக் கட்டிலில் இருந்தவள்

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு முப்பத்து நான்கு வயதிருக்கும்போது, குடல்வால் வீக்கம் என்றுதான் சேலம் அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே இருந்தது புற்றுநோய். குடல்வால் உடைந்து, கூழ் மாதிரி வயிறெங்கும் பரவியிருந்ததாம். எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, விலாவுக்குக் கீழே ஒரு குழாயை வைத்துத் தைத்தார்கள். அதன் வழியாகத்தான் மருந்து. விடுவதற்கு முன் நர்ஸம்மா பாட்டிலை வெந்நீர் வாளியில் வைத்துச் சூடாக்குவார். அது இறங்கும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.

பக்கத்துக் கட்டிலில் அம்மாபேட்டைக்காரி ஒருத்தி. என் வயது, அதே நோய், அதே வாளி. அவள் புருஷன் தறி நெய்கிறவர். அவளுக்குக் கொண்டுவரும் கஞ்சியில் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிவிட்டுத்தான் உட்காருவார்.

ஒரு நாள் காலையில் அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அக்கா, என்னால முடியல. இன்னும் மூணு பாட்டில் இருக்குதாம். வேண்டாம்னு சொல்லிரட்டுமா? நீங்க சொல்லுங்க."

எனக்கும் அப்போது வலி. பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று மத்தியானமே அவள் மருந்து வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் பிழைத்து எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குத் திரும்பினேன். இரண்டு வருஷம் கழித்து, வாசலில் கடலைக்காய் உலர்த்திக்கொண்டிருந்தபோது அவள் புருஷன் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"அவ போயி ஒரு வருசமாச்சுங்க. உங்களை ஒருக்காப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"உள்ள வாங்க, மோர் குடிங்க," என்றேன். என் வீட்டுக்காரர் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டார்.

மோரைக் குடித்து முடிக்கும்வரை அவர் கண் என் மேலேயே இருந்தது. பிறகு கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"அவ செய்யாதது என்னங்க நீங்க செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். மூன்று பாட்டிலைப் பற்றி அவருக்குத் தெரியும். என்னிடம் அவள் கேட்டது தெரியாது. அந்த மூன்று பாட்டில் அவளைக் காப்பாற்றியிருக்குமா என்று டாக்டரைப் பிற்பாடு கேட்டேன். சொல்ல முடியாதம்மா என்றார்.

அடுத்த வருஷமும் அதே மாதம் வந்தார், பார்த்தார், போனார். அதற்கடுத்த வருஷம் வரவில்லை. இப்போதும் சேலம் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போகிறேன். இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் போகிறேன்.